போனைக் கையில் வாங்காதீர்கள்: ஊரில் செல்போன் வகுப்பு எடுப்பவர்களைத் தயார் செய்வது எப்படி

ஊரில் செல்போன் வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கு நான் வைக்கும் முதல் விதி இது: கற்க வந்தவரின் போனை உங்கள் கையில் வாங்காதீர்கள். "குடுங்கக்கா, நான் போட்டுத் தர்றேன்" என்று மகன் வாங்குகிறான், பக்கத்து வீட்டுப் பிள்ளை வாங்குகிறது, ரீசார்ஜ் கடைக்காரர் வாங்குகிறார். வேலை முடிந்துவிடும். அந்த அக்காவுக்கு மட்டும் ஒன்றும் வந்திருக்காது. மறுபடி தேவைப்படும்போது மறுபடி ஒருவரைத் தேடிப் போவார். நம் பயிற்றுநரும் அதையே செய்தால் வகுப்பு நடத்தி என்ன பயன்?

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் மகளிர் குழுக்களோடு வேலை செய்கிறவள். ஊருக்கு இரண்டு பேரைத் தேர்ந்து, பழக்கி, வகுப்பு நடத்த அனுப்புவது என் பொறுப்பு. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, இதே மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் தொண்டராக ராத்திரி வகுப்பு எடுத்தேன். எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் பழகிய காலம் அது. சைக்கிள் பழக்கும்போது பின்னால் பிடித்துக்கொண்டு கூடவே ஓடலாம். ஹேண்டில் பாரை ஓட்டுகிறவர்தான் பிடிக்க வேண்டும். போனுக்கும் அதே கணக்குதான். இன்னொன்றும் அங்கே கற்றேன். அறிவொளிப் பாடம் அ, ஆ என்று தொடங்கவில்லை. பட்டா போல, ஜனங்கள் வாயில் தினமும் புழங்கும் சொல்லை எடுத்து, அதிலிருந்து எழுத்துக்குப் போனோம். கீழே நான் சொல்லும் வழி முழுக்க இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

பயிற்றுநராக யாரைத் தேர்வது? ஊரில் கேட்டால் நன்றாகப் போன் தெரிந்த பிள்ளையைக் காட்டுவார்கள். கல்லூரியில் படிக்கும் பெண்ணாக இருக்கும். அவள் விரல் ஓடும் வேகத்தில் ஐம்பது வயது அக்கா மிரண்டுவிடுவார். நான் தேடுவது வேறு ஆளை. முதியோர் பென்ஷன் நின்றுவிட்டாலும், ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனாலும் ஊர் யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறதோ அவரை. பெரும்பாலும் குழுவின் ஊக்குநராகவோ, அங்கன்வாடியில் இருந்து ஓய்வு பெற்றவராகவோ இருப்பார். அவருக்கே ஜிபே தெரியாமல் இருக்கலாம், பரவாயில்லை; சொல்லிக்கொடுத்துவிடலாம். ஊர் அவர் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையைத்தான் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது. அவரோடு அந்தக் கல்லூரிப் பெண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். மூத்தவர் நடத்தட்டும், போன் முரண்டு பிடித்தால் இளையவள் வழி சொல்லட்டும். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

இருவரும் ஒரே தெருக்காரராக இருக்கக் கூடாது. எங்கள் பக்கம் ஊர்த்தெரு வேறு, காலனி வேறு. பயிற்றுநர்கள் இரண்டு பேரும் ஊர்த்தெருவாக இருந்தால் காலனிப் பெண்கள் முதல் நாள் வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டு மறுநாள் வரமாட்டார்கள். இடத்துக்கும் இது பொருந்தும். கோயில் மண்டபம் வசதியாக இருக்கும், ஆனால் எல்லோரும் அங்கே ஏறி உட்கார முடிகிறதா என்று பாருங்கள். பள்ளிக்கூடம், நூலகம், நூறு நாள் வேலை நடக்கும் இடத்தின் மரத்தடி, இவையெல்லாம் நல்லது. "எல்லாரையும்தான் கூப்பிட்டோம், அவங்கதான் வரல" என்று எந்தப் பயிற்றுநரும் சொல்வதை நான் ஏற்பதில்லை.

நேரத்தையும் ஊர்தான் முடிவு செய்யும். கீரமங்கலம் பக்கம் விடியுமுன் பூப்பறிக்கப் போகிறவர்கள் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் கொஞ்சம் ஓய்வார்கள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் ஏற்ற சமயம். ஆண்களும் வீட்டில் இருப்பார்கள், தடைக்கால நிவாரணம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்க்கும் அவசியமும் இருக்கும்.

சரி, பயிற்சிக்கு வருவோம். மூன்று நாள் பயிற்சி, பத்து நாள் இடைவெளி, அப்புறம் இரண்டு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இடைவெளியில் ஒவ்வொருவரும் தன் ஊரில் இரண்டே பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வர வேண்டும். அங்கே எது சிக்கியது என்பதுதான் கடைசி இரண்டு நாளின் பாடம்.

முதல் நாள் காலையிலேயே ஒரு பயிற்சி வைப்பேன். எல்லோருடைய போனிலும் மொழியை வங்காளத்துக்கோ ஒடியாவுக்கோ மாற்றச் சொல்வேன். (மாற்றும்போது ஒவ்வொரு திரையையும் பக்கத்திலிருப்பவர் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், திரும்பி வர வழி வேண்டும்.) பிறகு, "காலையில் ஐந்து மணிக்கு அலாரம் வையுங்கள், எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள்" என்பேன். கூடம் அமைதியாகிவிடும். ஒரு எழுத்தும் படிக்க முடியாமல், பல்சக்கரப் படம் எங்கே, அடியிலிருந்து எத்தனையாவது வரி, பச்சையா நீலமா என்று தேடித் தேடிப் போவார்கள். தப்பாக எதையாவது அழுத்திவிடுவோமோ என்று விரல் தயங்கும். முடிந்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: எதைப் பிடித்துக்கொண்டு வழி கண்டுபிடித்தீர்கள்? படம், நிறம், இடம் என்று அவர்களே சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அவற்றை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். "செட்டிங்ஸுக்குள்ள போங்க" என்று சொல்லாமல் "சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கு பாருங்க, அதைத் தொடுங்க" என்று சொல்லும் பழக்கம் அன்றைக்கே வந்துவிடும். வேறு எந்த விளக்கத்தையும்விட இந்த ஒரு மணி நேரத்தை நான் நம்புகிறேன்.

அதற்கு அடுத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லிக்கொடுக்கும் பழக்கம். இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் கற்பவராக நடிக்க, மற்றவர் வாயால் மட்டும் சொல்ல வேண்டும். கை நீளும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காரப் பழக்குங்கள். எதிரே இருந்தால் வலது இடது மாறிப்போகும்.

சின்னச் சின்ன விஷயங்களில்தான் பாதிப் பேர் வகுப்பை விட்டு நிற்கிறார்கள், அதையும் சொல்லிக்கொடுங்கள். வயல் வேலையில் காய்ப்பு ஏறிய, வறண்ட விரலைத் திரை சரியாக உணர்வதில்லை. "எனக்கு மட்டும் வரமாட்டேங்குது" என்று அந்த அக்கா நினைத்துக்கொள்வார். ஈரத்துணியில் விரலை லேசாக ஒற்றிவிட்டு, நுனியில் குத்தாமல் விரலின் சதைப்பகுதியால் தொடச் சொன்னால் வரும். எழுத்தைப் பெரிதாக்குவது, வெளிச்சத்தைக் கூட்டுவது இரண்டும் முதல் வகுப்பிலேயே நடக்க வேண்டும். காலை வணக்கப் படங்களாலேயே நிரம்பிப்போய் நகராத போன்கள் நிறைய வரும். வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தக் காட்டிக்கொடுங்கள்.

வகுப்பு தொடங்குமுன் பயிற்றுநர்கள் வீடு வீடாகப் போய் வர வேண்டும். வீட்டில் எத்தனை போன் என்று மட்டும் கேட்டால் போதாது. போன் யார் கையில் இருக்கிறது, வங்கிக் கணக்கில் யாருடைய நம்பர் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். அம்மா பெயரில் கணக்கு இருக்கும், ஓடிபி திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் போகும். அதை மாற்றாமல் அந்த அம்மாவுக்குப் பணப் பரிமாற்றம் சொல்லிக்கொடுப்பதில் அர்த்தமே இல்லை. நம்பர் மாற்ற அவரோடு வங்கிக்குப் போய் வருவதையும் பயிற்றுநரின் வேலையாகவே வையுங்கள்.

முதல் பாடம் எதுவென்று கற்பவர்களே சொல்லட்டும். புதுச்சேரி அருகே வீராம்பட்டினம் மீனவர்களுக்கு, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் தொடங்கிய திட்டத்தில், இணையத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் படித்தார்கள். கடலுக்குப் போகிறவருக்கு அன்றைக்கு வேண்டியது அதுதான். எங்கள் ஊர்களில் முதலில் கேட்பது சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளைக்குத் தானே வீடியோ கால் போடுவது. அதிலிருந்தே தொடங்குங்கள். அடுத்தது குரல் செய்தி, அப்புறம் கீபோர்டில் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாவது. தட்டெழுத்தே தெரியாமல் யூடியூபில் தேட முடிகிறது என்று கண்டுகொண்ட நாளில் அவர்களுக்கு வரும் தைரியத்தைப் பார்க்க வேண்டும்.

பிறகு வங்கிக் குறுஞ்செய்தி. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் மாதாமாதம் வருவதால் இதற்குக் கைவசம் பாடம் இருக்கிறது. செய்தி ஆங்கிலத்தில் வரும். பணம் ஏறியதற்கும் எடுத்ததற்குமான சொற்கள் (credited, debited) கடைசியில் ஒரே மாதிரி முடியும் என்பதால், முதல் எழுத்தின் வடிவத்தைப் பெரிதாக எழுதிப் போட்டுப் பழக்குங்கள். தொகை, தேதி, மீதி, இந்த மூன்று எண்களையும் தானே காட்டத் தெரிந்தவர்தான் அடுத்த பாடத்துக்குப் போகலாம்.

பணம் அனுப்பும் பாடத்தை ஒரு ரூபாயில் நடத்துங்கள். ஒருவருக்கொருவர் அனுப்பித் திருப்பி வாங்கட்டும். இங்கே பயிற்றுநருக்குக் கண்டிப்பான விதிகள் உண்டு. பின் நம்பர் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். யாருடைய பின் நம்பரையும் நோட்டில் எழுதி வைக்கக் கூடாது, அவர்களே கெஞ்சிக் கேட்டாலும். ஆதார் நகலை வாங்கி வைக்கக் கூடாது. யாருடைய கணக்கிலும் தன் நம்பரைக் கொடுக்கக் கூடாது. நாளைக்கு ஒருவர் பணம் காணாமல் போனால் முதல் சந்தேகம் சொல்லிக்கொடுத்தவர் மேல்தான் வரும். இந்த விதிகள் அவரையும் காப்பாற்றுகின்றன.

மோசடி பற்றிச் சொல்லும்போது பயமுறுத்தி அனுப்பிவிடாதீர்கள். பயந்தவர் போனைத் தொடவே மாட்டார். நடித்துக் காட்டுங்கள். ஒரு பயிற்றுநர் பக்கத்து அறைக்குப் போய் "பேங்க் மேனேஜர் பேசுறேன், கார்டு பிளாக் ஆகப் போகுது" என்று கூப்பிடட்டும். ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்கட்டும். எந்த இடத்தில் போனை வைத்திருக்க வேண்டும் என்று வகுப்பே சொல்லும். மனதில் நிற்க வேண்டியவை கொஞ்சம்தான். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் நம் பணம் போகிறது. கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது போனில் செயலியை ஏற்றிவிடும் கோப்பை, திறக்கக் கூடாது. வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டினால், அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது.

இதையெல்லாம் மீறியும் ஒருவர் ஏமாறலாம். அப்போது வீட்டுக்காரர் திட்டுவார் என்று நாள் கணக்கில் மறைப்பார்கள். அதற்குள் பணம் கைமாறிப் போய்விடும். ஆகவே பயிற்றுநர் வகுப்பிலேயே எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்: "பணம் போனா முதல்ல என்கிட்ட வாங்க. நான் திட்ட மாட்டேன்." வந்ததும் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, குறுஞ்செய்தியில் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். அந்த எண் எங்கே இருக்கும் என்று ஒரு ரூபாய் பாடத்தின்போதே காட்டிவிடுங்கள். 1930-ஐ ஸ்டிக்கரில் எழுதிப் போன் உறையின் பின்னால் ஒட்டச் சொல்லுங்கள்.

வகுப்பு நன்றாக நடந்ததா என்பதை வருகைப் பதிவேடு சொல்லாது. 2017-ல் மத்திய அரசு தொடங்கிய கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம், ஆறு கோடிக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவர், 20 மணி நேரம் என்று இலக்கு வைத்தது. மணிக்கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு ஒருவர் என்பதை ஊர் வகுப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர்தான் என்றால் யாருக்கு ஏற்கெனவே தெரியுமோ அவர்தான் வந்து உட்காருவார். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டப் புல்லம்பாறை ஊராட்சியில் தொண்டர்கள் வீடுகளுக்கும் நூறு நாள் வேலை இடங்களுக்கும் தேடிப் போனார்கள். 2022-ல் அந்த ஊராட்சியும், 2025 ஆகஸ்டில் மாநிலமும் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டன. தெரியாதவரைத் தேடிப் போனால்தான் அவர் கிடைப்பார். பயிற்றுநரின் நோட்டில் மூன்றே பத்தி போதும்: பெயர், யார் துணையும் இல்லாமல் செய்தது, இன்னும் பயப்படுவது. ஒரு மாதம் கழித்து வீட்டுக்கே போய் இரண்டாவது பத்தியைத் திரும்பச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, காசு. பயிற்றுநருக்கு மாத மதிப்பூதியம் எவ்வளவு, எங்கிருந்து என்று மகளிர் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள், பயிற்சி தொடங்குவதற்கு முன்பே. அதில் ரீசார்ஜ் தொகை தனியாக இருக்க வேண்டும். வகுப்பு நடக்கும் மாதங்களில் கற்பவர்களுக்கெல்லாம் அவருடைய ஹாட்ஸ்பாட்தான் ஓடும். அந்தச் செலவை அவர் கைக்காசில் போடும்படி விடாதீர்கள்.