அம்மம்மாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு திருமலையில் கோப்பி குடிக்கப் போவது எப்படி

திருமலையில், அதாவது இலங்கையின் திருகோணமலையில், குடும்பத்தோடு கோப்பி குடிக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள், கடையைப் பிறகு தேடலாம். நகரம் இரண்டு தண்ணீருக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிற நிலம். ஒரு பக்கம் டச் பே, மற்றப் பக்கம் உள்துறைமுகம், நடுவில் கடைவீதிகள். டச் பே கிழக்கைப் பார்த்தது என்பதால் காலை எட்டு மணிக்கே அந்தப் பக்கத்து வாசல்களில் வெயில் முகத்தில் அடிக்கும், நாலு மணிக்குப் பிறகு அதே வாசல் நிழலாகிவிடும். உள்துறைமுகப் பக்கம் இதற்கு நேர்மாறு. காலையில் இதமாக இருக்கும், பின்னேரம் சூரியன் தண்ணீரில் பட்டுக் கண் கூசும். இது விளங்குவதற்கு முன்னர் நாங்கள் எத்தனையோ தடவை நல்ல கடைக்குப் பிழையான நேரத்தில் போய், அழுகிற பிள்ளையோடும் வியர்த்துக் கொட்டுகிற அம்மம்மாவோடும் கோப்பியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பி வந்திருக்கிறோம்.

எங்கள் வீட்டில் வெளியே போவதென்றால் ஏழு பேர். அம்மம்மாவுக்கு முழங்கால் வலி, தங்கையின் பிள்ளைக்கு ஒன்றரை வயது, என் மகனுக்கு ஆறு. அதனால் ஒரு கடை குடும்பத்துக்குச் சரியா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவு ஒன்றுதான். ஆக மூத்தவரும் ஆக இளையவரும் அங்கே அரை மணித்தியாலம் நிம்மதியாக இருக்க முடியுமா? நடுவில் உள்ள நாங்கள் எங்கே என்றாலும் இருந்துவிடுவோம்.

அம்மம்மாவுக்காகப் பார்ப்பது வாசலை. கடைவீதியில் பல கடைகளுக்கு முன்னால் கான், அதாவது வடிகால், ஓடும். அதன் மேல் போட்ட சிலாப் ஆடுகிறதா, படி எவ்வளவு உயரம், பிடிப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று ஒருவர் முதலில் இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள், மற்றவர்கள் ஓட்டோவிலேயே இருக்கட்டும். கதிரைக்கு முதுகும் வேண்டும், கையும் வேண்டும், வயதானவர்கள் அதை ஊன்றித்தான் எழும்புவார்கள். அப்புறம் மலசலகூடம். ஓடர் கொடுக்கும் முன்னமே கேட்டுவிடுங்கள், வெட்கப்படத் தேவையில்லை. சீனி வருத்தம் உள்ளவர்கள், பிறஷர் மாத்திரை எடுப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே வெளியே வர மறுக்கிறார்கள். "நான் வரேல்லை பிள்ளை, நீங்கள் போயிட்டு வாங்கோ" என்று அம்மம்மா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், ஏன் என்று நாங்கள் ஒருவருமே கேட்கவில்லை. ஒரு நாள் தங்கை கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்று தொடக்கம் எங்கள் வீட்டில் கடை தெரிவாவது அந்தக் கேள்வியிலிருந்துதான்.

பிள்ளைகளுக்காகப் பார்ப்பது வீதியை. வாசலிலிருந்து பஸ் ஓடும் வீதிக்கு எத்தனை அடி இருக்கிறது, தேத்தண்ணி கொதிக்கிற இடம் வாசலோடு இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று கவனியுங்கள். சுவரோரமாக, உள்மேசையில் இருங்கள், சின்னப் பிள்ளை சுவர்ப் பக்கம், பெரியவர் வெளிப்பக்கம். மேசையில் விரிப்பு இருந்தால் இருந்தவுடனேயே மடித்து வைத்துவிடுங்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஒரு கடையில் தங்கையின் பிள்ளை விரிப்பைப் பிடித்து இழுக்க, கால் ஆடுகிற அந்த மேசையிலிருந்த தேத்தண்ணி அப்படியே அவள் கையில் கொட்டியது. அங்கே நின்ற ஒருவர் நல்ல மனதோடு பற்பசை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். பற்பசை, பட்டர், ஐஸ் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து ஓடுகிற சாதாரண தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள், காப்பு போட்டிருந்தால் வீங்கும் முன்னம் கழற்றுங்கள், சின்னப் பிள்ளை என்றால் காயம் சிறியதாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், தழும்பு இல்லாமல் ஆறியது.

சரி, கோப்பிக்கு வருவோம். திருமலையில் கோப்பி என்று மட்டும் சொன்னால் மூன்றில் எதுவும் வரலாம். சாதாரண தேத்தண்ணிக் கடையில் பெரும்பாலும் வருவது நெஸ்கபேயும் பால்மாவும் கலந்து, சீனி தாராளமாகப் போட்டு, நுரை பொங்க ஆற்றித் தருவது. உப்புவெளிப் பக்கம் வெளிநாட்டுக்காரர் வருகிற கஃபேகளில் மெஷினில் எடுக்கிற கோப்பி கிடைக்கும், விலை பல மடங்கு. மூன்றாவதுதான் எங்கள் வீட்டுக் கோப்பி. கொட்டையோடு மல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கு), சில வீடுகளில் மிளகு சீரகமும் சேர்த்து வறுத்து இடித்த தூள், அதில் கொதிதண்ணீர் ஊற்றி மண்டி அடியில் படியும்வரை பொறுத்துக் குடிப்பது. இது எல்லாக் கடையிலும் இருக்காது. "நெஸ்கபேயா, கோப்பித்தூளா?" என்று கேளுங்கள், கோப்பித்தூள் என்று சொல்கிற கடையை மறந்துவிடாதீர்கள். அம்மம்மா முகர்ந்து பார்த்தே மல்லி கூடவா குறையவா என்று சொல்லிவிடுவார், அந்தக் கதையிலேயே அரை மணித்தியாலம் போய்விடும்.

மகனுக்கு நான் சொல்கிற கதை வேறு. இலங்கை தேயிலைக்கு முன்னம் கோப்பி நாடாக இருந்தது. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பித் தோட்டங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது, அதன் பிறகுதான் மலைநாடு முழுக்கத் தேயிலை ஏறியது. தேத்தண்ணிக் கடை என்ற பெயரே அதற்குப் பிறகு வந்ததுதானே என்று அவன் கேட்டான். ஆறு வயதுப் பிள்ளை ஒரு கடையில் இருந்து இப்படிக் கேட்பதற்காகவே போகலாம்.

பிள்ளைகளுக்குக் கோப்பி கொடுக்காதீர்கள், ஆசைக்கு ஒரு வாய் என்றும் வேண்டாம், இரவு தூங்காமல் பாடு படுத்துவார்கள். மைலோ, நெஸ்டமோல்ட் அநேகமாக எல்லாக் கடையிலும் இருக்கும், சீனி போடாமல் கேளுங்கள், அதிலேயே இனிப்பு இருக்கிறது. இருமல் சளி என்றால் மல்லித்தண்ணி. எது வாங்கினாலும் "தம்பி, ஒரு வெறுங்கப்பும் தாங்கோ" என்று கேட்டு வாங்கி, நீங்களே இரண்டு மூன்று தடவை ஆற்றிக் கொடுங்கள். இன்னொன்று, சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணியோ கோப்பியோ குடித்தால் உடம்பு இரும்புச்சத்தை எடுப்பது குறையும். வளர்கிற பிள்ளைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் விடுவது நல்லது.

சோட்டீட்ஸ் தட்டைப் பற்றி வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். கேட்காமலே ரோல்ஸ், கட்லட், வடை, பணிஸ் எல்லாம் நிரம்பிய ஒரு தட்டை மேசையில் வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் காசு இல்லை, சாப்பிட்டதை எண்ணித்தான் பில். ஆனால் பிள்ளை கைவைத்ததைத் திருப்பி அனுப்பாதீர்கள், அது அடுத்த மேசைக்குப் போகும். தட்டு வந்தவுடன் வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைக் கொண்டுபோகச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. மீன் ரோல்ஸில் பச்சை மிளகாய் இருக்கும், சின்னவர்களுக்குக் கிம்புலா பணிஸ் (முதலை வடிவில் சீனி தூவிய பணிஸ்) அல்லது வாசலில் தொங்குகிற குலையிலிருந்து ஒரு வாழைப்பழம் போதும். வடை எப்போது சுட்டது என்று கேளுங்கள். நாலு மணிக்குப் பிறகு பல கடைகளில் புதிதாக எண்ணெயில் இறங்கும், கடலை வடையின் வாசம் வீதிக்கு வரும்போது உள்ளே போனால் ஏமாற மாட்டீர்கள்.

இனி எந்தப் பக்கம், எப்போது. காலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் திரும்பி வரும்போதுதான் கோப்பியைத் தேடுவார்கள், அது பிள்ளைகளுக்குப் பிந்திவிடும். கோயில் இருக்கிற கோட்டைக்குள் ஏறும் முன்னமே இடியப்பமும் சொதியும் ஒரு சைவக்கடையில் முடித்துவிட்டால் மலை ஏறுவது சுகம். கோட்டைக்குள் மான்கள் நிற்கும், பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. பிளாஸ்டிக் கப், பொலித்தீன் பை எதையும் அங்கே போட்டுவிட்டு வராதீர்கள், மான்கள் அவற்றைத் தின்றுவிடும், தின்றால் செத்துப்போகும். களைத்து நிழலில் இருக்கும்போது, இந்தக் கோட்டை போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டு 1624இல் கட்டியது என்று சொல்லிக்கொடுங்கள். சுவரைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு அது பாடப்புத்தகத்தில் படிப்பதுபோல இருக்காது.

காலை பத்து மணி வாக்கில் உள்துறைமுக வீதி. பலருக்கும் தெரிந்த டச் பாங்க் கஃபே இந்த வீதியில் ஒரு பழைய கட்டடத்தில் அமைந்தது. பொதுவாக இந்தப் பக்கம் இருப்பவை கொஞ்சம் விலை கூடிய இடங்கள், ஆனால் குளிரூட்டி இருக்கும், கதிரை நல்லதாக இருக்கும், வயதானவர்களுக்கு மத்தியானத்துக்கு முந்திய சூட்டுக்கு அது தேவை. ஏழு பேருக்கும் ஏழு கோப்பி எடுக்கத் தேவையில்லை, மூன்றை எடுத்துப் பகிர்ந்தாலும் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பின்னேரம் டச் பே. எனக்குத் திருமலையில் ஆகப் பிடித்த நேரம் இதுதான். கடற்கரையில் பிள்ளைகள் ஓடுவார்கள், கச்சான் கடலையும் மிளகாய்த்தூள் போட்ட மாங்காயும் வண்டிலில் வரும், பிளேன்டீயை வாங்கிக்கொண்டு மணலில் இருக்கலாம். அம்மம்மாவுக்கு மணலில் நடக்க இயலாது, அதனால் வீதியோரத் திட்டில் ஒருவர் அவரோடு இருப்பார், முறைவைத்து மாறிக்கொள்வோம். கதிரை தருகிற கடை இருந்தால் இன்னும் நல்லது, கேட்டால் அநேகமாகத் தூக்கிக்கொண்டு வந்து போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சனம் அலைமோதும், கைப்பிள்ளையோடு போக நான் சொல்ல மாட்டேன், செவ்வாய் புதன் போனால் கடற்கரை உங்களுடையது.

உப்புவெளி, அலஸ் தோட்டம், நிலாவெளிப் பக்கம் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரைதான் முழு உயிரோடு இருக்கும். சீசன் முடிந்தால் பல கஃபேகள் பூட்டிவிடும், அடுத்த வருடம் வேறு பெயரில் திறப்பதும் உண்டு, ஆகவே போக முன்னம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இங்கே உள்ள வசதி என்னவென்றால் பல இடங்கள் முற்றத்தோடு, மர நிழலோடு, வீதியை விட்டு உள்ளே இருக்கும், பிள்ளை ஓடினாலும் பயமில்லை. இடைஞ்சல் என்னவென்றால் சில இடங்களில் பின்னேரமானால் பியர் வந்துவிடும், பாட்டுச் சத்தம் கூடிவிடும். ஆகவே பிள்ளைகளோடு என்றால் காலையில் போங்கள், பின்னேரம் என்றால் ஐந்து மணிக்கு முன்னம் கடையை விட்டு எழும்பிவிடுங்கள். புறாமலைத் தீவுக்குப் படகில் போய் வருகிறவர்கள் உப்புத் தண்ணீரைக் கழுவாமல் நேரே கடைக்குள் போகாமல் உடுப்பு மாற்றிக்கொண்டு போங்கள், சின்னவர்களுக்கு ஈர உடுப்போடு காற்றுப் பட்டால் சளி பிடிக்குமோ என்று அம்மம்மா படுகிற கவலையிலேயே கோப்பி ஆறிவிடும்.

ஜூன் ஜூலையில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது திறந்தவெளிக் கடைகளில் மணலும் தூசியும் கப்புக்குள் விழும், காற்றுக்கு முதுகு காட்டி இருங்கள், மூடியுள்ள கப் கேளுங்கள்.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் வாளியால் அள்ளி ஊற்றிக் குளித்துவிட்டு வந்தால் பிள்ளைகளுக்குப் பயங்கரத் தாகம் எடுக்கும். முதலில் தண்ணீர் கொடுங்கள், பிறகு தேத்தண்ணி.

கிண்ணியாவுக்கு ஒரு பின்னேரம் கட்டாயம் போய் வாருங்கள். 2009இல் திறந்த பாலத்தில், 396 மீற்றர் நீளம், தண்ணீருக்கு மேலால் போவதே பிள்ளைகளுக்கு ஒரு பயணம். அதற்கு முன்னம் பாதையில், அதாவது வாகனங்களையும் ஏற்றுகிற மிதவையில், ஏறிக் கடந்த காலத்தை அம்மம்மாவிடம் கேளுங்கள், வாகனத்துக்குள் முழுக்க அவர் கதைதான். அங்கே பால் தேத்தண்ணி கனதியாக இருக்கும், ரொட்டி சுடச்சுட வரும். சைவம் சாப்பிடுகிறவர்கள் "நானா, மரக்கறி மட்டும் உள்ளது எது?" என்று கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் கடைகள் பூட்டியிருக்கும், இரண்டு மணிக்குப் பிறகு போங்கள். நோன்பு மாதத்தில் பகலில் கடை தேடி அலையாமல் நோன்பு திறந்த பிறகு போனால் கஞ்சியும் சமோசாவும் உண்டு.

ஒக்டோபர் கடைசியில் வாடை தொடங்கினால் நகரத்துக்கு உள்ளேயே நில்லுங்கள். மழைக்குள் கடற்கரைக் கடை வேண்டாம், பஸ் நிலையத்தைச் சுற்றியும் மத்திய வீதியிலும் உள்ள பழைய தேத்தண்ணிக் கடைகள்தான் அப்போது நல்லது. இஞ்சி பிளேன்டீ கேளுங்கள், இஞ்சியை இடித்துப் போடச் சொல்லுங்கள். குடையை வாசலில் வைக்கும்போது தரை வழுக்கும், அம்மம்மாவின் கையை அந்த இரண்டு படிக்கும் விடாதீர்கள். கடைக்கு வர முடியாமல் வீட்டில் நின்றவருக்கு நாலு வடையைப் பார்சல் கட்டச் சொல்லிவிட்டு, கட்டி முடியும்வரை அம்மம்மா கதிரையிலேயே இருக்கட்டும்.