டாக் செருகியும் திரை வரவில்லையா? லினக்ஸ் லேப்டாப்பில் யூஎஸ்பி-சி கோளாறைப் படிப்படியாகப் பிடிப்போம்

டாக்கை, அதாவது ஒரே யூஎஸ்பி-சி கேபிளில் மானிட்டர், மவுஸ், சார்ஜர் எல்லாவற்றையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியை, செருகுகிறீர்கள். சார்ஜ் ஏறுகிறது, மவுஸ் நகர்கிறது, ஆனால் மானிட்டர் மட்டும் 'சிக்னல் இல்லை' என்று ஒரு நொடி காட்டிவிட்டு இருண்டுபோகிறது. இந்த இடத்தில் பலரும் கண்ணில் படுகிற கட்டளையையெல்லாம் டெர்மினலில் ஒட்டிப் பார்ப்பார்கள், அதுவும் சரிவராவிட்டால் லினக்ஸையே அழித்துவிட்டு வேறு டிஸ்ட்ரோ (லினக்ஸின் வேறொரு வகை) போடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நானும் இதே கோளாறுக்காக இரண்டு இரவு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், மூன்றாம் நாள் கேபிளை மாற்றியதும் திரை வந்துவிட்டது. அந்த இரண்டு இரவு உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று: கட்டளைகளை உச்சரிக்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஒரே துளை, மூன்று வேலை

யூஎஸ்பி-சி என்பது துளையின் வடிவத்துக்கு வைத்த பெயர், அவ்வளவுதான். 2014-இல் வந்த இந்த வடிவத்தில் 24 பின்கள் இருக்கின்றன. அவற்றின் வழியாக மின்சாரம், தரவு, படம் என்று மூன்று வேலைகள் நடக்கலாம், ஆனால் மூன்றும் நடந்தே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு துளைகளில் ஒன்று படம் அனுப்பும், மற்றொன்று அனுப்பாது. சிசி என்ற இரண்டு பின்கள்தான் இங்கே தரகர்கள் மாதிரி: கேபிள் எந்தப் பக்கமாகச் செருகப்பட்டிருக்கிறது, யார் யாருக்கு மின்சாரம் தருவது, எத்தனை வோல்ட், படம் அனுப்பலாமா என்பதெல்லாம் அவற்றின் வழியாகத்தான் பேசி முடிவாகிறது.

அதனால் 'டாக் வேலை செய்யவில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல், சார்ஜ் ஏறுகிறதா, பென் டிரைவ் தெரிகிறதா, திரை வருகிறதா என்று மூன்றையும் தனித்தனியாகச் சோதித்து ஒரு தாளில் எழுதுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

படி 1: துளையும் கேபிளும்

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய நாக்கு மாதிரி ஒரு தகடு, அதைச் சுற்றிக் காலி இடம், இப்படித்தான் இருக்க வேண்டும். பைக்குள்ளேயே கிடக்கிற லேப்டாப் என்றால் அடியில் சாம்பல் நிறத்தில் தூசும் பஞ்சும் அழுந்திப் போய்க் கிடக்கும், ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் நாமே அதை இன்னும் உள்ளே தள்ளியிருப்போம். கேபிள் 'டக்' என்று உட்காராமல் துளியூண்டு வெளியே நின்று ஆடினால் இதுதான் காரணமாக இருக்கும். மரப் பல்குச்சியின் முனையை இன்னும் மெல்லியதாகச் சீவி, நடுத் தகட்டைத் தொடாமல் ஓரமாக விட்டு மெதுவாக இழுத்தால் பஞ்சு கட்டியாக வெளியே வரும். குண்டூசியை உள்ளே விடவே கூடாது.

அடுத்தது கேபிள். போனோடு வருகிற சி-சி கேபிள் பெரும்பாலும் சார்ஜுக்கும் யூஎஸ்பி 2.0 வேகத்துக்கும் மட்டும் ஆனது. படத்தைச் சுமக்கிற கம்பிகளே அதில் கிடையாது, லினக்ஸில் என்ன செய்தாலும் அதில் திரை வராது. டாக்கோடு வந்த கேபிளையே போடுங்கள். அது தொலைந்துபோயிருந்தால் 40 கிகாபிட் என்றோ தண்டர்போல்ட் 4 (யூஎஸ்பி-சி துளையிலேயே ஓடும் அதிவேக இணைப்பு முறை) என்றோ அச்சிட்ட குட்டையான கேபிள் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சோதனைக்கு அதைவிட நம்பகமானது இல்லை.

அப்புறம் கேபிள் முனையைத் திருப்பிச் செருகிப் பாருங்கள். ஒரு பக்கமாகச் செருகினால் வேலை செய்து, திருப்பினால் செய்யவில்லை என்றால் துளையிலோ கேபிளிலோ ஏதோ ஒரு பின் கெட்டிருக்கிறது. அதன் பிறகு மென்பொருளில் தேடுவது வீண்.

படி 2: எல்லாவற்றையும் ஒரு முறை மறக்க வைப்பது

தரகு பேசுகிற சிப் சில சமயம் பழைய பேச்சிலேயே சிக்கிக்கொண்டு நிற்கும். ரீஸ்டார்ட் செய்தாலும் அதற்கு மின்சாரம் நிற்பதில்லை என்பதால் தெளியாது. லேப்டாப்பை முழுதாக அணைத்து, எல்லாக் கேபிளையும் கழற்றி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். டாக்கைச் சுவர் பிளக்கிலிருந்து பிடுங்கி ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு முதலில் டாக்குக்கு மின்சாரம், அடுத்து லேப்டாப்பை ஆன் செய்வது, கடைசியாகக் கேபிள், இந்த வரிசையில் சேருங்கள். மந்திரம் மாதிரித் தோன்றினாலும் நிறைய டாக்குகள் இத்தோடு சரியாகிவிடுகின்றன.

படி 3: கெர்னல் என்ன சொல்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த படி இது. டாக்கைக் கழற்றிவிட்டு, டெர்மினலில் 'சூடோ டிஎம்இஎஸ்ஜி', ஒரு இடைவெளி, மைனஸ் டபிள்யூ என்று தட்டி என்டர் போடுங்கள். திரையை அப்படியே திறந்து வைத்துக்கொண்டு டாக்கைச் செருகுங்கள். ஒரு வரிகூட வரவில்லை என்றால் லேப்டாப்புக்கு எதுவும் செருகப்பட்டதே தெரியவில்லை என்று அர்த்தம், படி 1-க்குத் திரும்புங்கள். 'நியூ ஹை-ஸ்பீடு யூஎஸ்பி டிவைஸ்' என்று வந்தால் 2.0 வழி திறந்திருக்கிறது. 'நியூ சூப்பர்ஸ்பீடு' என்றும் சேர்ந்து வந்தால் வேகமான வழியும் திறந்திருக்கிறது. 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்' என்று தொடங்கி 'எரர் -71' என்று முடிகிற வரி வந்தால், அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பேச்சு குழறுகிறது என்று பொருள்; -110 என்றால் பதிலே வராமல் நேரம் கடந்துவிட்டது. இரண்டுக்கும் முதல் சந்தேகம் கேபிள், அடுத்தது மின்சாரப் பற்றாக்குறை.

பிறகு 'எல்எஸ்யூஎஸ்பி', இடைவெளி, மைனஸ் டி ('ட்ரீ' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து). மரம் மாதிரி ஒரு படம் வரும், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வேகம் இருக்கும்: 480எம், 5000எம், 10000எம் (எம் என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட்). யூஎஸ்பி 3 வகை டாக் ஒன்று பொதுவாக இரண்டு ஹப்பாகத் தெரியும், 480-இல் ஒன்று, 5000-இலோ 10000-இலோ இன்னொன்று. 480 மட்டுமே தெரிந்தால் உடனே பயந்துவிடாதீர்கள். கேபிளில் நான்கு அதிவேக வழித்தடங்கள்தான் இருக்கின்றன, சில டாக்குகள் நான்கையும் படத்துக்கே கொடுத்துவிடும், அப்போது யூஎஸ்பிக்கு 2.0 மட்டும்தான் மிஞ்சும். டாக்கின் கையேட்டில் 4கே 60 ஹெர்ட்ஸ் என்றும் யூஎஸ்பி 2.0 என்றும் ஒரே வரியில் போட்டிருந்தால் கதை இதுதான்.

படி 4: திரை

முதல் கேள்வி, உங்கள் துளை படம் அனுப்பக்கூடியதா? துளைக்குப் பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட், டிஸ்பிளேபோர்ட் குறி இருந்தால் படம் வரும். எந்தக் குறியும் இல்லையென்றால் லேப்டாப்பின் மாடல் விவரத்தில் 'டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோடு' (யூஎஸ்பி-சி வழியாகப் படம் அனுப்பும் வசதி) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தத் துளையில் சாதாரண டாக் எதுவும் திரை தராது.

இரண்டாவது, பேச்சு முடிந்ததா? சிஸ் ஃபோல்டருக்குள் கிளாஸ், அதற்குள் டைப்சி என்ற ஃபோல்டர். அங்கே போர்ட்0 என்பது உங்கள் துளை, போர்ட்0-பார்ட்னர் என்பது மறுமுனையில் இருக்கிற டாக். பார்ட்னருக்குள் போர்ட்0-பார்ட்னர்.0 என்று இருக்கும் ஃபோல்டரில் எஸ்விஐடி என்ற கோப்பில் எஃப்எஃப்01 என்றிருந்தால் டாக் 'எனக்கு டிஸ்பிளேபோர்ட் தெரியும்' என்று சொல்லிவிட்டது. 8087 என்றால் தண்டர்போல்ட். இந்த ஃபோல்டர் காலியாக இருந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம், சில லேப்டாப்புகளின் ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) இந்தத் தகவலை லினக்ஸிடம் கொடுப்பதே இல்லை.

மூன்றாவது, அதே கிளாஸ் ஃபோல்டரில் டிஆர்எம் என்பதற்குள் டிபி-1, டிபி-2 என்று முடிகிற ஃபோல்டர்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஸ்டேட்டஸ் என்ற கோப்பு. அதில் 'கனெக்டட்' என்று இருந்தும் மானிட்டர் இருட்டாக இருந்தால் வன்பொருளைக் குறை சொல்லாதீர்கள், டெஸ்க்டாப்பின் டிஸ்பிளே செட்டிங்ஸில் அந்தத் திரை அணைந்திருக்கலாம், அல்லது இணைப்பு தாங்காத அளவு தெளிவும் வேகமும் கேட்கப்படுகிறது. 4கே 60 ஹெர்ட்ஸ் வராவிட்டால் 30-க்கு இறக்கிப் பாருங்கள். டிஸ்பிளேபோர்ட் 1.2 வேகத்தில் இரண்டு வழித்தடம் மட்டும் கிடைத்தால் 4கே-க்கு 30 ஹெர்ட்ஸ்தான் கொள்ளும், அது கணக்கு, கோளாறு கிடையாது.

என்விடியா கார்டு உள்ள லேப்டாப் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பல மாடல்களில் யூஎஸ்பி-சி துளை நேரடியாக அந்தக் கார்டோடு இணைந்திருக்கும், அதன் டிரைவர் சரியாக ஏறாவிட்டால் லேப்டாப்பின் சொந்தத் திரை நன்றாக இருக்கும், வெளித்திரை மட்டும் வராது.

மைனஸ் டி இல்லாமல் எல்எஸ்யூஎஸ்பி என்று மட்டும் தட்டினால் வரும் பட்டியலில் 17இ9 என்று தொடங்கும் எண் தெரிகிறதா? அது டிஸ்பிளேலிங்க் சிப். இந்த வகை டாக் படத்தைச் சுருக்கி யூஎஸ்பி தரவாகவே அனுப்புகிறது, ஆகவே இந்தப் படியில் மேலே துளையையும் ஆல்ட் மோடையும் பற்றிச் சொன்னது இதற்குப் பொருந்தாது. டிஸ்பிளேலிங்க் டிரைவரையும் அதனோடு வரும் ஈவிடிஐ என்ற கெர்னல் மாட்யூலையும் (கெர்னலோடு சேரும் துணைப் பகுதி) தனியாக நிறுவ வேண்டும். கெர்னல் அப்டேட் ஆனதும் திரை போய்விட்டது என்றால் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்று தட்டிப் பாருங்கள், புதிய கெர்னலுக்கு மாட்யூல் கட்டப்படாமல் இருக்கலாம். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்றாது, நிறுவும்போது கேட்கிற சாவிப் பதிவைத் தட்டிக் கழிக்காமல் முடித்துவிடுங்கள்.

தண்டர்போல்ட் டாக் என்றால் 'போல்ட்சிடிஎல் லிஸ்ட்'. டாக்கின் பெயர் வந்தும் நிலை 'ஆத்தரைஸ்டு' என்று இல்லையென்றால், நீங்கள் அனுமதி தருவதற்காக அது காத்திருக்கிறது. 'போல்ட்சிடிஎல் என்ரோல்' என்று போட்டு, பட்டியலில் உள்ள அதன் நீண்ட அடையாள எண்ணைச் சேர்த்தால் இனி எப்போதும் தானாக ஏற்றுக்கொள்ளும்.

படி 5: சார்ஜ் ஏறுகிறது, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது

வாட் கணக்குதான். லேப்டாப் 100 வாட் கேட்கிறது, டாக் 65 தருகிறது என்றால் கனமான வேலை செய்யும்போது பேட்டரி இறங்கத்தான் செய்யும். சாதாரண சி-சி கேபிள் 60 வாட் வரைதான், அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே அடையாளச் சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் தேவை.

படி 6: நடுவில் நடுவில் துண்டிக்கிறது

பேட்டரியை மிச்சப்படுத்த லினக்ஸ் சும்மா இருக்கிற யூஎஸ்பி சாதனங்களைத் தூங்க வைக்கும், சில டாக்குகள் அதிலிருந்து ஒழுங்காக எழுவதில்லை. இதுதான் காரணமா என்று பார்க்க நிரந்தரமாக எதையும் மாற்ற வேண்டாம். பூட் ஆகும்போது வரும் க்ரப் என்ற தொடக்கப் பட்டியல் திரையில் ஈ எழுத்தைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'யூஎஸ்பிகோர் புள்ளி ஆட்டோசஸ்பெண்ட்', சமக்குறி, -1 என்று சேர்த்து கன்ட்ரோல் எக்ஸ் அழுத்துங்கள். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் தூக்கம் நிற்கும். ஒரு நாள் முழுக்கத் துண்டிக்கவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது. பேட்டரியை மிச்சப்படுத்தும் டிஎல்பி என்ற கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் யூஎஸ்பி டினைலிஸ்டில் (விலக்குப் பட்டியல்) எல்எஸ்யூஎஸ்பி காட்டும் டாக்கின் எண்ணை மட்டும் சேர்த்தால் போதும், மற்ற சாதனங்கள் வழக்கம்போலத் தூங்கட்டும்.

மவுஸ் மட்டும் திக்கித் திக்கி நகர்கிறதா? யூஎஸ்பி 3.0 கசியவிடும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது, வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவரும் அதே அலைவரிசைதான். ரிசீவரை ஒரு 2.0 நீட்டிப்புக் கேபிளில் போட்டு டாக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

படி 7: ஃபர்ம்வேர்

'எஃப்டபிள்யூயூபிடிஎம்ஜிஆர் ரிஃப்ரெஷ்', அடுத்து அதே கட்டளையோடு 'அப்டேட்'. லேப்டாப்பின் பயாஸ், தண்டர்போல்ட் கன்ட்ரோலர், பல டாக்குகளின் ஃபர்ம்வேர் எல்லாம் இந்த வழியாகவே வருகின்றன. சார்ஜர் செருகியிருக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும்போது டாக்கைத் தொடக் கூடாது. நேற்றுவரை ஓடியது இன்று அப்டேட்டுக்குப் பிறகு நின்றுவிட்டது என்றால் மட்டும் க்ரப்பின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலில் பூட் செய்து பாருங்கள். அதில் வேலை செய்தால் இது கெர்னலில் புகுந்த பிழை, உங்கள் டிஸ்ட்ரோவின் பிழைப் பதிவில் எழுதுங்கள். வேலை செய்கிற கெர்னல் எண், செய்யாத கெர்னல் எண், லேப்டாப் மாடல், டாக் மாடல், டாக்கைச் செருகிய நொடியிலிருந்து வந்த டிஎம்இஎஸ்ஜி வரிகள், இவை ஐந்தும் அதில் இருக்கட்டும்.