பழைய மடிக்கணினியை எடைக்குப் போடும் முன்

போன மாதம் என் சித்தி மகள் ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். “அண்ணா, இதை எடைக்குப் போட்டுவிடலாமா? திறப்பதற்குள் காபி குடித்து முடித்துவிடலாம்.” 2014ஆம் ஆண்டு வாங்கியது. இன்டெல் ஐ3-4005யு செயலி (ப்ராசசர்), 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இந்த வகையில் ஒன்று பல வீடுகளின் அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்பிய கதையைப் படிப்படியாகச் சொல்கிறேன். திருப்புளியைக் கையில் எடுத்துப் பழகாதவர்களுக்கும் இது முடியும்.

முதலில் ஒரு கண்டிப்பு: நோய் தெரியாமல் மருந்து வாங்காதீர்கள். “ஸ்லோவாக இருக்கிறதா, ரேம் போடு” என்று சொல்பவர்கள் தெருவுக்கு நான்கு பேர் உண்டு. இந்த மடிக்கணினியில் ரேமை மட்டும் கூட்டியிருந்தால் பணம்தான் போயிருக்கும்.

படி 1: ஐந்து நிமிடம் வெறுமனே பாருங்கள்

கணினியைத் திறந்ததும் எதையும் தொடாமல் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் டிஸ்க், மெமரி (ரேம்) இரண்டையும் கவனியுங்கள். சித்தி மகளின் கணினியில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. ஆனால் படித்து எழுதும் வேகம் நொடிக்கு 2 எம்பியைத் தாண்டவில்லை. மெமரி 62 சதவீதம்தான். மூச்சு முட்ட ஓடியும் ஓரடி நகராதவனைப் போல, ஹார்ட் டிஸ்க்தான் திணறிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தாலும் டிஸ்க் 100 காட்டும். ரேமில் இடமில்லாதபோது விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கும். அப்போது டிஸ்க் வெறும் பலியாடு, குற்றவாளி ரேம் பற்றாக்குறைதான். ஆகவே இரண்டையும் சேர்த்தே பாருங்கள். இரண்டும் சும்மா இருக்க, விசிறி மட்டும் ஊளையிட்டால் சூடுதான் காரணமாக இருக்கும். கோர் டெம்ப் என்ற சிறிய மென்பொருள் செயலியின் வெப்பத்தைக் காட்டும். 90 டிகிரியைத் தாண்டி நிற்கிறது என்றால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

படி 2: ஹார்ட் டிஸ்கின் நாடி

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் ஹார்ட் டிஸ்க் தன்னைப் பற்றி எழுதிவைத்திருக்கும் குறிப்பு வரும். இரண்டு வரிகளைத் தேடுங்கள்: 05, சி5. முதலாவது, கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டாவது, படிக்க முடியாமல் தவிக்கும் பகுதிகள். சி5 பூஜ்யமாக இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டுப் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்துக்கு நகலெடுங்கள். ‘டக், டக்’ என்ற சத்தமும் கேட்டால் இன்னும் அவசரம்.

சித்தி மகளின் டிஸ்க் சாகவில்லை, வயதாகியிருந்தது, அவ்வளவுதான். அது நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் வகை. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. படிக்கும் முள் சரியான இடத்துக்கு நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு தடவைகூட எடுக்க முடியாது. விண்டோஸ் 10 தொடங்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கில். இதற்கு மாற்று எஸ்எஸ்டி, அதாவது சில்லுகளிலேயே தரவைச் சேமிக்கும் டிஸ்க். அதில் சுற்றுவதும் இல்லை, முள்ளும் இல்லை.

படி 3: வாங்குவது

இந்தத் தலைமுறை மடிக்கணினிக்கு வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 7 மிமீ தடிமன். (சாட்டா என்பது டிஸ்கைக் கணினியோடு இணைக்கும் முறை.) பட்டை வடிவில் வரும் எம்.2 வகை இதில் பொருந்தாது. சாட்டா வழியாக நொடிக்கு 550 எம்பி அளவுக்கு மேல் போகாது என்பதால், அதிவேகம் என்று விளம்பரம் செய்யும் விலை உயர்ந்த சாட்டா எஸ்எஸ்டிக்குக் காசு கொட்ட வேண்டாம். 240 ஜிபி பலருக்குப் போதும்.

ரேம் விஷயத்தில் நான் ஒரு முறை சூடுபட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருக்காகச் சென்னை ரிச்சி தெருவில் பழைய டிடிஆர்3 ரேம் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். போட்டதும் திரை கறுப்பாகவே நின்றது. கடைக்காரர் மேல் தவறில்லை, கேட்டதைத்தான் கொடுத்தார். நான்காம் தலைமுறை இன்டெல் மடிக்கணினிகளுக்கு (ஐ3-4005யு இந்த வகைதான்) 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டும். நான் வாங்கியது 1.5 வோல்ட் வகை. ரேமில் ஒட்டிய தாளில் ‘பிசி3எல்’ என்று இருக்க வேண்டும், வெறும் ‘பிசி3’ ஆகாது. அந்த ஒற்றை எழுத்துக்கு இன்னொரு பயணமும் அரை நாளும் போயின. எத்தனை ரேம் இடங்கள் இருக்கின்றன என்பதை டாஸ்க் மேனேஜரின் மெமரிப் பக்கமே சொல்லிவிடும். ‘1 ஆஃப் 2’ என்று இருந்தால் இன்னொரு 4 ஜிபி சேர்க்கலாம்.

படி 4: திறப்பது

மின்னேற்றியைப் பிடுங்குங்கள். மின்கலம் வெளியே கழன்று வரும் வகையென்றால் கழற்றிவிட்டு, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். (கணினி உயிரே இல்லாமல் கிடந்தால் இதையே முப்பது நொடி செய்து, மின்னேற்றியை மட்டும் செருகிப் பாருங்கள். பாதி ‘செத்த’ கணினிகள் இதில் எழுந்துவிடுகின்றன என்பது என் அனுபவம்.) பெயிண்ட் அடிக்காத இரும்பு எதையாவது தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

ஒரு தாளில் மடிக்கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு திருகையும் அதன் இடத்திலேயே ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். சோம்பல்படாதீர்கள். திருகுகளின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. குட்டைத் திருகின் துளையில் நீளமானதை முறுக்கினால் கை வைக்கும் மேல்பலகையில் முகப்பரு மாதிரி புடைத்துக்கொள்ளும். எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லையென்றால் இழுக்காதீர்கள். ரப்பர் பாதங்களின் அடியிலோ டிவிடி டிரைவின் பக்கத்திலோ ஒரு திருகு ஒளிந்திருக்கும். காலாவதியான ஏடிஎம் அட்டை ஒன்றை விளிம்பில் நுழைத்து நெம்பினால் கவ்விகள் ஒவ்வொன்றாக விடும். மின்கலம் உள்ளேயே இருக்கும் வகையென்றால், மூடி வந்ததும் முதல் வேலை அதன் இணைப்பானைக் கழற்றுவது.

உள்ளே விசிறிக்கும் செப்புச் சட்டத்தின் துடுப்புகளுக்கும் நடுவே பாருங்கள். சித்தி மகளின் கணினியில் கம்பளித் துணிபோல் தூசி படிந்திருந்தது. விசிறியை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு தூரிகையால் எடுங்கள்.

பழைய ரேமைப் பிடித்திருக்கும் இரண்டு கொக்கிகளையும் வெளிப்பக்கமாக விலக்கினால் அது தானே சாய்ந்து எழும். புதியதைச் சாய்வாகச் செருகி, பொன்னிறத் தொடுமுனைகள் முழுவதும் மறைந்த பிறகு கீழே அழுத்துங்கள். ‘க்ளிக்’ என்று விழ வேண்டும். கறுப்புத் திரை வந்தால் பதற்றம் வேண்டாம், பத்தில் எட்டு முறை சரியாக உட்காராததுதான் காரணம். ஹார்ட் டிஸ்கை அதன் தகரச் சட்டத்திலிருந்து பிரித்து, அதே சட்டத்தில் எஸ்எஸ்டியைப் பொருத்திச் செருகினால் முடிந்தது.

படி 5: இயங்குதளம்

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வப் பட்டியலில் நான்காம் தலைமுறைச் செயலிகள் இல்லை. குறுக்கு வழிகள் உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தை யுஎஸ்பியிலிருந்து ஏற்றினேன். 2029 வரை அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துக்கொள்ளலாம். யுஎஸ்பியிலிருந்து தொடங்க, கணினியைத் திறந்தவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று நிறுவனத்துக்கு ஒரு பொத்தான். பயாஸில் (இயங்குதளம் ஏறுவதற்கு முன் வரும் அமைப்புப் பக்கம்) சாட்டா முறை ‘ஏஹெச்சிஐ’ என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

முன்பு மூன்றரை நிமிடம் எடுத்தது இப்போது 22 நொடியில் திறக்கிறது.

மின்கலம் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. தொடுதளம் மேலெழும்பியோ அடிமூடி புடைத்தோ இருந்தால் மின்கலம் வீங்கியிருக்கிறது. அழுத்தாதீர்கள், மின்னேற்றாதீர்கள், குத்தாதீர்கள். அதை மாற்றாமல் வேறு எந்த வேலையும் வேண்டாம்.

கழற்றிய ஹார்ட் டிஸ்கை யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டு, ஒரு மாதமாவது அழிக்காமல் வையுங்கள். “எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டேன்” என்று சத்தியம் செய்த சித்தி மகள் மூன்றாவது வாரம் அழைத்தாள். கிரகப்பிரவேசப் படங்களைக் காணோமாம். டி டிரைவில், ‘நியூ ஃபோல்டர் 4’ என்ற பெயருக்குள் பத்திரமாக இருந்தன.