வடிகஞ்சியும் எச்சிலும்: வளர்சிதை மாற்றத்தைக் கண்ணால் பார்ப்பது எப்படி?

வளர்சிதை மாற்றம் என்றால் உடல் உணவை உடைத்து ஆற்றல் எடுப்பதும், அதைக் கொண்டு தனக்கு வேண்டியதைக் கட்டுவதும். அதன் வேதிப் பாதைகளை அம்புக்குறிகளால் காட்டும் பெரிய படத்தை மனப்பாடம் செய்வதிலிருந்து இந்தப் பாடத்தைத் தொடங்காதீர்கள். ஒரு கரண்டி வடிகஞ்சி போதும்.

கஞ்சியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, வெதுவெதுப்பாக ஆறியதும் இரண்டு டம்ளர்களில் பாதி பாதியாக ஊற்றுங்கள். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, ஒன்றில் உங்கள் எச்சிலை ஒரு டீஸ்பூன் சேர்த்துக் கலக்குங்கள், மற்றதில் அதே அளவு தண்ணீர். பத்து நிமிடம் பொறுங்கள். அப்புறம் வெள்ளைத் தட்டில் இரண்டிலிருந்தும் சில சொட்டுகள் விட்டு, காயத்துக்குப் போடும், அயோடின் உள்ள பெட்டாடின் திரவத்தை ஒவ்வொரு சொட்டு சேருங்கள். தண்ணீர் கலந்தது கருநீலமாகும், அதில் ஸ்டார்ச் (மாவுச்சத்து) அப்படியே இருக்கிறது, அயோடின் அதோடு சேர்ந்தால்தான் இந்த நிறம். எச்சில் கலந்தது பழுப்பாகவோ வெளிர் மஞ்சளாகவோ நிற்கும், ஏனென்றால் எச்சிலில் உள்ள அமிலேஸ் நொதி நீளமான ஸ்டார்ச் சங்கிலியை மால்ட்டோஸ் என்ற சர்க்கரை போன்ற சிறு துண்டுகளாக நறுக்கிவிட்டது. இன்னும் நீலம் வந்தால் கூடுதலாகப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அமிலம் அமிலேஸை நிறுத்துமா என்று சோதிக்க ஆசை வந்தால் வினிகர் எடுங்கள். எலுமிச்சை வேண்டாம், அதிலுள்ள வைட்டமின் சி அயோடின் நிறத்தையே அழித்து உங்களை ஏமாற்றிவிடும். எல்லாம் முடிந்ததும் கொட்டிவிடுங்கள், யாரும் குடிக்கக் கூடாது.

சரி, இது செரிமானம்தான். உண்மையான வளர்சிதை மாற்றம் செல்லுக்குள் நடப்பது, அங்கேயும் இதே சோற்றைத்தான் பின்தொடர வேண்டும். குடலில் குளுக்கோஸாகி ரத்தத்தில் சேர்ந்ததும், ஒரு பங்கு செல்லுக்குள் போகிறது, அங்கே ஒவ்வொரு குளுக்கோஸும் பத்து படிகளில் பைருவேட் என்ற இரண்டு சிறு மூலக்கூறுகளாக உடைகிறது. அதில் நிகர லாபம் 2 ஏ.டி.பி (செல் ஆற்றலாகச் செலவழிக்கும் மூலக்கூறு) மட்டுமே. ஆக்சிஜன் இருந்தால் செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியா அந்தப் பைருவேட்டை முழுவதும் எரித்து, மொத்தக் கணக்கை ஏறக்குறைய 30 முதல் 32 ஏ.டி.பி வரை கொண்டுபோகிறது. இப்படி உடைத்து ஆற்றல் எடுப்பது சிதைமாற்றம்.

இன்னொரு பங்கை, இன்சுலின் சொல்கிறபடி, கல்லீரலும் தசையும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சங்கிலியாகக் கோக்கின்றன. இப்படிச் சிறியதைக் கோத்துப் பெரியதாகக் கட்டுவது வளர்மாற்றம், இதற்குச் செலவு உண்டு: ஒரு குளுக்கோஸைச் சங்கிலியில் சேர்க்க 2 ஏ.டி.பிக்கு ஈடான ஆற்றல் போகிறது. உடைத்துச் சம்பாதித்ததைக் கொண்டுதான் கட்ட முடியும், படிக்கும்போது இந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். இடம் நிரம்பிய பிறகும் மிஞ்சினால் அசெட்டைல் கோ-ஏ என்ற இடைப்பொருள் வழியாகக் கொழுப்பாகவும் மாறும்.

இரவு சாப்பிட்டுத் தூங்கி எழும்போது எல்லாம் திரும்பி ஓடுகிறது. இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும் குளுக்கோகான் ஹார்மோன் கூடி, கல்லீரல் தன் கிளைக்கோஜனை உடைத்து ரத்தத்துக்குக் குளுக்கோஸ் தருகிறது, கூடவே லாக்டேட், அமினோ அமிலங்களிலிருந்து புதிதாகவும் செய்கிறது. தசையிடம் அதைவிட அதிகக் கிளைக்கோஜன் இருந்தாலும், உடைந்து வரும் குளுக்கோஸில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி அதற்கு இல்லாததால் ரத்தத்துக்குக் குறிப்பிடும்படி குளுக்கோஸ் கொடுக்க முடியாது, தானே பயன்படுத்திக்கொள்கிறது.