இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் வேலை: நம்மவர்கள் சறுக்கும் இடங்கள்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் ஒன்பது வருடம் இரண்டாம் வகுப்பு எடுத்தேன். கணவருக்கு இங்கிலாந்தில் மருத்துவமனை வேலை கிடைத்ததும் லெஸ்டருக்குக் குடிவந்தோம். இங்கே மறுபடி ஒரு வகுப்புக்கு டீச்சராக நிற்க எனக்கு மூன்றரை வருடம் ஆனது. அதில் பாதிக்கு மேல் நானாக வீணடித்த காலம். ஊரிலிருந்து கிளம்பும் டீச்சர்கள் போனில் கேட்கும்போது சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

'இந்திய ஆசிரியர்களுக்கு இங்கிலாந்து கதவைத் திறந்துவிட்டது' என்ற செய்தியை அப்படியே நம்பிக் கிளம்புவதுதான் பெரிய தவறு. செய்தி பொய்யில்லை. 2023 பிப்ரவரியில் இருந்து இந்தியா உட்படச் சில நாடுகளின் ஆசிரியர்கள், க்யூ.டி.எஸ். எனப்படும் ஆசிரியர் தகுதிக்கு நேரடியாக விண்ணப்பிக்க வழி வந்தது. ஆனால் இந்தியாவில் பயிற்சி பெற்றவர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணிதம், அறிவியல், மொழிப்பாடம் இவற்றில் ஒன்றை எடுக்கத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்த நமக்கு அந்த வாசல் இல்லை. விதிகள் மாறக்கூடியவை, ஆகவே கிளம்பும் முன் அரசின் இணையதளத்தில் நீங்களே படித்துப் பாருங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தைக்குப் பணம் கட்டாதீர்கள்.

நமக்கு உள்ள வழி வேறு. வெளிநாட்டில் பயிற்சி பெற்ற ஆசிரியர், க்யூ.டி.எஸ். இல்லாமலே நான்கு வருடம் வரை அரசுப் பள்ளியில் பாடம் எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் காலத்துக்குள் 'அசெஸ்மென்ட் ஒன்லி' முறையில் தகுதி வாங்கப் பாருங்கள். திரும்பப் பயிற்சிக் கல்லூரியில் போய் உட்கார வேண்டாம், பள்ளியில் நீங்கள் பாடம் எடுப்பதை நேரில் பார்த்தே மதிப்பிடுவார்கள். ஆனால் அதற்குப் பட்டம் கட்டாயம். டி.டி.எட். என்ற ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் முடித்தவர்கள் இங்கே வந்துதான் இதைக் கேட்டு இடிந்து போகிறார்கள். ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றிலும் ஜி.சி.எஸ்.இ. எனப்படும், இங்கே 16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வில் 4ஆம் தரம் வாங்கியதற்கு இணையான தேர்ச்சி வேண்டும். குறைந்தது இரண்டு பள்ளிகளில் பாடம் எடுத்த அனுபவமும் கேட்பார்கள்.

அடுத்தது காகிதங்கள். 'இவர் எங்கள் பள்ளியில் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்' என்று இரண்டு வரியில் ஒரு அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன். இங்கே அது எதற்கும் உதவவில்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வயதுப் பிள்ளைகள், என்னென்ன பாடங்கள், முழுநேரமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். திரும்பக் கேட்டபோது தலைமையாசிரியை ஓய்வு பெற்றிருந்தார், தாளாளரும் மாறிவிட்டார். எட்டு மாதம் அலைந்தேன். காவல்துறைத் தடையின்மைச் சான்றிதழையும் கேட்பார்கள், அதற்கு பாஸ்போர்ட் சேவா மூலம் விண்ணப்பிக்க வேண்டும்.

வேலைக்கு பயோடேட்டா மட்டும் அனுப்புவதும் வீண். பள்ளியின் விண்ணப்பப் படிவத்தைத்தான் நிரப்ப வேண்டும். அதில் வேலை பார்க்காத மாதங்களுக்கும் காரணம் எழுத வேண்டும். பிரசவம், விசா காத்திருப்பு எதுவானாலும் வெட்கப்படாமல் எழுதுங்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்காகக் கேட்கிறார்கள், காலியாக விட்டால்தான் சந்தேகம் வரும்.

வகுப்பு டீச்சருக்குத் துணையாக இருக்கும் டீச்சிங் அசிஸ்டென்ட் வேலையைக் கௌரவக் குறைச்சல் என்று ஒரு வருடம் நான் தொடவே இல்லை. அது என் தவறு. இந்த ஊர் வகுப்பறையைச் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அதே சமயம், 'க்யூ.டி.எஸ். வாங்க எனக்கு உதவுவீர்களா' என்று முதல் வருடமே தலைமையாசிரியரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். கேட்காமல் பத்து வருடம் அதே இடத்தில் இருப்பவர்களைப் பார்க்கிறேன், மனது வலிக்கிறது.

வகுப்புக்குள் நான் செய்த தவறுகளில் ஒன்றை நினைத்தால் இன்றும் பதறும். சாப்பாட்டு நேரத்தில் ஆறு வயதுப் பையன் என் கையைப் பிடித்து, "மிஸ், ஒரு ரகசியம் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றான். ஊர்ப் பழக்கத்தில் "சொல்லவே மாட்டேன் கண்ணா" என்றுவிட்டேன். அப்படி வாக்குக் கொடுக்கவே கூடாது. "உனக்கு உதவி செய்யக்கூடியவங்ககிட்ட நான் சொல்ல வேண்டியிருக்கும்" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதி, பள்ளியில் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே கொடுக்க வேண்டும். நாமாகத் துருவிக் கேட்கவும் கூடாது, வீட்டுக்குப் போன் போடவும் கூடாது.

பிறகு ஃபோனிக்ஸ், அதாவது எழுத்துகளின் ஒலிகளைச் சேர்த்து வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் முறை. இங்கே ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் ஒரு வாசிப்புச் சோதனை உண்டு. 40 சொற்கள், அதில் 20 அர்த்தமே இல்லாத சொற்கள். 'சி ஏ டி கேட்' என்று எழுத்தின் பெயரைச் சொல்லி மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அதை வாசிக்க வராது. நான் பெயரை விட்டு ஒலிக்கு மாறினேன், ஆனால் 'ம', 'ட' என்று அகரம் சேர்த்தே சொன்னேன். 'மேட்' (mat) என்ற சொல்லை ஒரு குட்டிப் பெண் 'மஏட' என்று சேர்த்து வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். 'ம்' என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்! புள்ளி வைத்த எழுத்தாக மனதில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள், 'இம்', 'இட்' என்று முன்னால் இகரமும் வேண்டாம். மற்றவர்கள் மாதக்கணக்கில் பழகுவது நமக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும்.

ஊர் அனுபவத்தை விண்ணப்பத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவதும் தவறுதான். நாம் ஊரில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த விதமே இங்கே கைகொடுக்கும். நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இங்கே வாய்ப்பாட்டுச் சோதனை நடக்கிறது: 12ஆம் வாய்ப்பாடு வரை 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி. நேர்காணலன்று மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். எனக்கு எட்டாம் வாய்ப்பாடு கொடுத்தார்கள். 'ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு' என்று நாம் தாளம் போட்டுச் சொல்வோமே, அதே தாளத்தில் ஆங்கிலத்தில் கைதட்டிச் சொல்ல வைத்தேன். பின்வரிசையில் குனிந்தே உட்கார்ந்திருந்த பையனும் மூன்றாவது சுற்றில் சேர்ந்துகொண்டான். அன்று சாயங்காலமே போன் வந்தது.