முதுநிலைக் கல்வியின் தரம் பற்றிக் கருத்துக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு மாணவி தன் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தைக் கொண்டுவந்து காட்டினார். முதுநிலைப் படிப்பின் தரத்தை மாணவர்களும் படித்து முடித்தவர்களும் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவர் தலைப்பு. முதல் அட்டவணையைப் பார்த்ததுமே எனக்குப் பகீரென்றது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு, அதே இடத்தில். இதே தவறோடு இந்த வருடம் என்னிடம் வந்தவர்களில் அவர் மூன்றாவது ஆள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கேள்வி எண் மாறுவது, கூட்டல் பிழை போன்றவற்றை நெறியாளரே பார்த்துக்கொள்வார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தத் தரம் என்று சொல்லாமல் தரத்தைக் கேட்பது

உயர்கல்வியில் 'தரம்' என்ற சொல்லுக்கு ஐந்து பொருள் புழங்குவதை லீ ஹார்வி, டயானா கிரீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993இல் பிரித்துக் காட்டினார்கள்: தனிச்சிறப்பு, குறையின்மை, நோக்கத்துக்குப் பொருத்தம், கொடுத்த பணத்துக்கு ஈடு, படிப்பவரையே மாற்றுவது. 'துறையின் தரம் திருப்தியா? 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள்' என்று மொட்டையாகக் கேட்டால், கடன் வாங்கிப் படிப்பவர் ஒன்றை நினைத்து 3 போடுவார். முனைவர் பட்டத்துக்குத் தயாராகிறவர் வேறொன்றை நினைத்து 3 போடுவார். நம் கோப்பில் இரண்டும் ஒரே 3 ஆகிவிடும்.

வாடிக்கையாளர் கேள்வித்தாளை அப்படியே எடுப்பது

சேவையின் தரத்தை வாடிக்கையாளரிடம் கேட்டு அளக்கும் செர்வ்குவால் என்ற 22 கூற்றுகள் கொண்ட அளவுகோல் 1988இல் வெளிவந்தது. வங்கி, கடன் அட்டை, பழுதுபார்ப்பு, தொலைபேசி நிறுவனங்களின் வாடிக்கையாளர்களிடம் சோதித்து உருவாக்கியது. ஊழியர்கள் நேர்த்தியாக உடுத்தியிருக்கிறார்களா என்றுகூட அதில் உண்டு. நெறியாளர் வரைவைப் படித்துத் திருப்பித் தர எத்தனை வாரம் ஆகிறது என்ற கேள்வி அதில் இல்லை. முதுநிலை மாணவரின் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்.

மாணவரையும் பட்டதாரியையும் ஒரே சராசரியில் போடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

முதன்முதலில் ஒரு துறைக்காகக் கருத்துக்கணிப்பு நடத்தியபோது, படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் முடித்துப் போனவர்களுக்கும் ஒரே தாளை அனுப்பினேன். வந்ததையெல்லாம் ஒரே கோப்பில் கொட்டினேன். ஆய்வு முறையியல் பாடத்துக்குச் சராசரி நடுவில் வந்து நின்றது. 'இப்பாடம் குறித்து நடுநிலையான கருத்தே நிலவுகிறது' என்று அறிக்கையில் எழுதினேன். எப்படி வந்தது அந்த நடுநிலை? 100 மாணவர்கள் 2 போட்டு, 100 பட்டதாரிகள் 4 போட்டால் சராசரி 3. ஆனால் 3 போட்டவர் ஒருவர்கூட இல்லை.

அந்த அறிக்கையை வைத்துத் துறை அந்தப் பாடத்தின் வகுப்பு நேரத்தைப் பாதியாக்கியது. அடுத்து வந்த மாணவர்கள் தரவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள். அப்புறம்தான் பழைய தாள்களை எடுத்துப் புரட்டினேன். ஒரு பட்டதாரி அந்தப் பாடத்துக்கு முதலில் 2ஐ வட்டமிட்டு, அதை அடித்துவிட்டு 5ஐ வட்டமிட்டிருந்தார். ஓரத்தில் பென்சிலில், 'படிக்கும்போது திட்டினேன். வேலையில் தினமும் கைகொடுப்பது இதுதான்' என்று எழுதியிருந்தார். நான் 5 என்று மட்டும் பதிந்திருந்தேன். அடித்த அந்த 2 கோப்புக்குள் போகவே இல்லை.

படிக்கிறவர் இன்றைய வகுப்பை, இன்றைய நூலகத்தை, நேற்று வந்த திருத்தத்தை வைத்துப் பேசுகிறார். முடித்தவர் கிடைத்த பலனை வைத்துப் பேசுகிறார். அதற்காக முடித்தவர் சொல்வதே இறுதித் தீர்ப்பு என்றும் எடுக்க வேண்டாம். நல்ல வேலையில் இருப்பவருக்குப் பழையதெல்லாம் இனிக்கும். அவர் படித்த பாடத்திட்டமே இப்போது மாறியிருக்கலாம். முடித்த ஆண்டையும் வேலை நிலையையும் கட்டாயம் கேளுங்கள். இரண்டு தரப்புக்கும் தனித்தனி அட்டவணை போடுங்கள். சராசரியோடு, எந்த எண்ணை எத்தனை பேர் போட்டார்கள் என்பதையும் காட்டுங்கள்.

'மொத்த மதிப்பெண்ணில் டி-சோதனை செய்தேன், வேறுபாடு இல்லை, அதனால் சேர்த்துவிட்டேன்' என்பார்கள். இரண்டு குழுக்களின் சராசரி உண்மையிலேயே வேறுபடுகிறதா என்று பார்க்கும் கணக்கு அது. முறையியலில் பட்டதாரிகள் மேலே இருப்பார்கள், நூலகத்தில் மாணவர்கள் மேலே இருப்பார்கள். கூட்டினால் ஒன்றை ஒன்று கழித்துவிடும். கேள்வி கேள்வியாகப் பிரித்துப் பாருங்கள்.

எதிர்பார்ப்பைக் கடைசிப் பருவத்தில் கேட்பது

படிப்பிலிருந்து என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். கடைசியில் கேட்டால், நடந்ததை வைத்தே எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுவார்கள்.

பாதியில் விட்டவர்களை மறப்பது

பட்டதாரிகள் பட்டியலில் அவர்கள் இருக்க மாட்டார்கள். தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆளைக் காட்டும் விவரம் கேட்பது

ஒரு நெறியாளரிடம் மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள். நெறியாளர், பாலினம், சேர்ந்த ஆண்டு மூன்றையும் கேட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அது மாணவருக்கும் தெரியும். ஆய்வேட்டு மதிப்பெண் வராத நிலையில், எல்லாவற்றுக்கும் 4 போட்டு அனுப்பிவிடுவார். அந்த மூன்றில் எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாளை வாங்குகிறவர் அந்தத் துறை ஆளாக இருக்க வேண்டாம்.

அந்த மாணவி நேற்று திரும்ப வந்தார். அட்டவணையை இரண்டாகப் பிரித்திருந்தார். பாதியில் விட்டுப் போன நான்கு பேரின் தொலைபேசி எண்ணும் கிடைத்திருக்கிறதாம். அவர்களிடம் என்ன கேட்பது என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.