ஹோட்டன் சமவெளிக்குப் போகிறீர்களா? காணி உறுதியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்

பங்குனி, சித்திரையில் ஊருக்குப் போகிறவர்கள் யாழ்ப்பாணத்து வெயிலில் கிடந்து வேகாமல் ஒரு நாள் ஹோட்டன் சமவெளிக்கு ஏறிவிட்டு வரலாம். 2,100 மீற்றருக்கு மேலே புல்வெளி, அதன் விளிம்பில் குட்டையாக முறுகிய காடு, இடையிடையே ரத்தச் சிவப்பாய்ப் பூத்த ரொடொடென்ட்ரன். பூங்காவைச் சுற்றி வரும் பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும். முதல் நாளே நுவரெலியாவிலோ ஓகியாவிலோ தங்குங்கள். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பனிப்புகார் ஏறி, 'உலகமுடிவு' என்கிற மலைவிளிம்பை மூடிவிடும்.

நாங்கள் அங்கே போய்ச் சேரும்போது பதினொன்று தாண்டிவிட்டது. 800 மீற்றருக்கும் மேற்பட்ட பாதாளம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரிப் புகார். காரணம் மாமா.

"வாகனத்திலை ஒரு சீற் கிடக்குத்தானே, நானும் வாறன் தம்பி" என்றுதான் ஏறினார். இரவு விடுதியில்தான் தெரிந்தது, அவருடைய பையில் எங்கள் காணியின் உறுதிப் பத்திரமும், எனக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்துக்கான வரைவும் இருந்தன. நுவரெலியாவில் தெரிந்த நொத்தாரிசு ஒருவராம், "விடிய அஞ்சு நிமிசம்". அந்த அஞ்சு நிமிசத்துக்குக் கடவுச்சீட்டுப் பிரதி வேண்டும். பிரதி எடுக்கிற கடை எட்டரைக்குத்தான் திறக்கும். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவராக முந்தநாள்தான் என்னைக் கண்ட சாரதியை நிறுத்தப் பார்த்தார் மாமா. கடைசியில் வரைவை வாசித்தால், என் பெயரில் உள்ள எதையும் விற்க, ஈடு வைக்க, வழக்காட என்று முழுப் பொதுத் தத்துவம். நான் கையெழுத்து வைக்கவில்லை. பிறகு மலை ஏறும்வரை வாகனத்துக்குள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பூங்கா வாசலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை வாங்கிவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூடக் கிழிப்பார்கள். நல்ல விதிதான், மரைமான்கள் அதைத் தின்று சாகின்றன. ஆனால் எங்கள் உறுதி சுற்றியிருந்ததும் பொலித்தீன் சொப்பிங் பையில்தான். பை போனபின் மாமா உறுதியை மேற்சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஈரம் படாமல் கையால் பொத்தியபடியே முழுப் பாதையும் நடந்தார். பார்க்கக் கோபமும் வந்தது, வேறொன்றும் வந்தது. அந்தக் காணிக்கு வேலி அடைத்ததும் எல்லைக் கல்லைப் பிடுங்கினவனோடு பொலிஸ் வரை போனதும் அவர்தான். நான் கனடாவில் ஸ்காபரோவிலிருந்து "எப்பிடி மாமா" என்று கேட்டதோடு சரி.

ஆகவே காணி அலுவலுக்குத் தனிக் கிழமை ஒதுக்குங்கள். புத்தாண்டுக் கிழமை வேண்டாம், கந்தோர்களில் ஆள் இராது. இன்ன காணி, இன்ன வேலை என்று குறித்த விசேட தத்துவம் போதும். அதையும் திரும்பி வந்தபின் நீங்கள் இருக்கும் நாட்டு இலங்கைத் தூதரகத்தில் ஒப்பமிட்டு அனுப்பலாம். பங்குக் காணியென்றால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிக்கு முதலில் தெரிவிக்காமல் வெளியாருக்கு விற்க வெளிக்கிடாதீர்கள்.

மிச்சம் சுருக்கமாக. இலங்கை அடையாள அட்டை இல்லாவிட்டால் வெளிநாட்டவர் கட்டணம்தான், தமிழ் கதைத்தாலும் சிங்களம் கதைத்தாலும். தரிப்பிடத்தில் மரை கிட்ட வந்து நிற்கும். பிஸ்கட் நீட்டவேண்டாம் (மாமா நீட்டினார்). மரத்தண்டுகளை உற்றுப் பார்த்தால் மூக்கில் கொம்புள்ள ஓணான் கிடைக்கலாம், இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதது. மஞ்சளாய்ப் பூத்த முட்பற்றையைப் பார்த்து மயங்காதீர்கள். வெள்ளைக்காரர் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தது, இங்கத்தைப் புல்லை விழுங்குகிறது. பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் இடம் வழுக்கும். வயதானவர்களைக் கையில் பிடித்துக் கூட்டிப்போங்கள், கோபமாக இருந்தாலும். மதியத்துக்கு முன் நுவரெலியா திரும்பினால் சாப்பாட்டுக் கடையில் இடம் கிடைக்கும். வசந்தகாலக் கூட்டம் தொடங்கிவிட்டால் அதுவும் இல்லை.